தொப்பிக்காரருக்கும் வயதாகிவிட்டது – வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இண்டியானா ஜோன்ஸ் ஐந்தாவது படத்தை வீட்டில் மறுபடி போட்டுப் பார்த்தேன், தியேட்டரில் பார்த்ததை விட இந்தத் தடவை அதிகம் பிடித்தது என்று. அவ்வளவுதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் சென்னையில் நாற்பது ஐம்பது வயதுக்காரர்களில் பாதிப் பேர் அந்தத் தொப்பியை மனதில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள் போலிருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க அவர்தான்.

அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோன்ஸ் ஒரு அமெரிக்கத் தொல்லியல் பேராசிரியர். பாதி நாள் வகுப்பறை, மீதி நாள் காடு, குகை, பாலைவனம். தலையில் தொப்பி, இடுப்பில் சாட்டை, பாம்பைக் கண்டால் மட்டும் உதறல். 1981, 1984, 1989 என்று மூன்று படங்கள் வந்தன. 19 வருடம் கழித்து 2008-ல் நாலாவது, இன்னும் 15 வருடம் கழித்து 2023-ல் ஐந்தாவது. ஐந்திலும் நாயகன் ஹாரிசன் ஃபோர்ட், ஐந்திலும் இசை ஜான் வில்லியம்ஸ்.

சார், எனக்கு 51 வயது. சின்ன வயதில் துண்டை முறுக்கிச் சாட்டை என்று வீசி, ட்யூப் லைட்டை உடைத்து அடி வாங்கியவன் நான். ஐந்தாவது படம் வந்தபோது தியேட்டருக்குப் போகப் பயமாக இருந்தது, போகவில்லை. போன வாரம் மகனோடு வீட்டில் பார்த்தேன். மகன் பாதியில் செல்போனை எடுத்துவிட்டான். எனக்கோ ஹாரிசன் ஃபோர்ட் சட்டையில்லாமல் நாற்காலியில் தூங்கி விழும் காட்சியிலேயே தொண்டையை அடைத்துவிட்டது. பார்க்காமலே இருந்திருக்கலாமோ?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பார்த்தது நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் படத்தை நான் பார்த்தது 1985-ல், மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றில் மார்னிங் ஷோவில். படம் வந்து நாலு வருடம் ஆகி, மறுபடி ஓட்டினார்கள். எனக்கு ஒன்பது வயது. ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த என் மாமா நைட் ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தூங்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாமாவுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கும் அப்போது வராது. ஆனால் அந்தப் பெரிய பாறை உருண்டு வருகிறதே, அதற்கு எதற்கு இங்கிலீஷ்? பாறை ஃபைபர் கிளாஸில் செய்தது என்பதும், அதற்கு முன்னால் ஓடியது டூப் இல்லை, ஃபோர்டேதான் என்பதும் வெகு காலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்கு அது கல். என் முதுகுக்குப் பின்னால் உருண்டு வந்த கல். மாமாவின் கையை நான் பிடித்த பிடியில் அவர் மணிக்கட்டில் நகம் பதிந்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாற்பது வருடம் கழித்து ஒரு தொடர்ச்சி வரும்போது நாம் டிக்கெட் எடுப்பது உண்மையில் அந்தப் படத்துக்கு இல்லை, அந்த மார்னிங் ஷோவுக்கு. அதை எந்த டைரக்டராலும் தர முடியாது. ஸ்பீல்பெர்கே எடுத்திருந்தாலும் முடியாது (முதல் நாலையும் எடுத்தவர் அவர், ஐந்தாவதை எடுத்தவர் ஜேம்ஸ் மேன்கோல்ட்). ஆனால் இந்தப் படம் அதைத் தெரிந்துகொண்டே எடுக்கப்பட்டிருக்கிறது, அதுதான் எனக்கு இரண்டாம் தடவை புரிந்தது. கதையைப் பாருங்கள். 1969. மனிதன் நிலாவுக்குப் போய் வந்து, நியூயார்க் தெருவில் ஊர்வலம் நடக்கிறது. இவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற நாள். முதல் படத்தில் இவர் வகுப்பில் பெண்கள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி கண் இமையிலேயே காதலை எழுதிக்கொண்டு வந்தாள். இங்கே ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பாடம் முடிந்ததும் சக ஊழியர்கள் கூடி ஒரு கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். நம் ஊர் ஆபீஸ்களின் பிரிவு உபசார விழா அப்படியே. அவர் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, தெருவில் போகிற முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு நடக்கிறார். மகன் போரில் இறந்துவிட்டான். மனைவி பிரிந்து போய்விட்டாள். உங்களுக்குத் தொண்டை அடைத்தது என்றால் படம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன். கடைசியில் அவர் காலத்தில் பின்னால் போய், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சிராக்கூஸ் நகரத்து முற்றுகைக்கு நடுவில் விழுகிறார். எதிரில் ஆர்க்கிமிடீஸ். ஆயுள் முழுக்கப் புத்தகத்தில் படித்த மனிதர் நேரில் நிற்கிறார். குண்டு பட்ட உடம்போடு கிழவர் சொல்கிறார், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று. கூட வந்த பெண் ஹெலனா எவ்வளவோ கெஞ்சுகிறாள், கேட்கவில்லை. கடைசியில் முகத்தில் ஒரு குத்து விட்டு, மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். கண் விழித்தால் தன் பழைய ஃபிளாட். மளிகைப் பையோடு மனைவி மாரியன் வந்து நிற்கிறாள். முதல் படத்தில் கப்பலில் ஒரு காட்சி உண்டு, ஞாபகம் இருக்கும். உடம்பெல்லாம் அடிபட்டுக் கிடப்பவரிடம் அவள் எங்கேதான் வலிக்கவில்லை என்று எரிச்சலோடு கேட்பாள், அவர் முழங்கையைக் காட்டுவார், நெற்றியைக் காட்டுவார், அவள் ஒவ்வொரு இடமாக முத்தம் கொடுப்பாள். 42 வருடம் கழித்து அதே கேள்வியை அவர் கேட்கிறார், அவள் முழங்கையைக் காட்டுகிறாள். கேரன் ஆலன் தான் அப்போதும், கேரன் ஆலன் தான் இப்போதும்.

கடந்த காலத்திலேயே தங்கிவிடுகிறேன் என்று அடம் பிடித்தது அவர் மட்டுமா, நானும்தான். 2023-ல் தியேட்டரில் உட்கார்ந்து, பாறை எங்கே, சாட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அதனால் எதிரில் நடந்துகொண்டிருந்த வேறு ஒரு நல்ல படம் எனக்குக் கண்ணில் படவில்லை. குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். படம் 154 நிமிடம், அதில் இருபது நிமிடத்தை வெட்டியிருக்கலாம். ஆரம்பத்தில் 1944-ல் நடக்கும் ரயில் சண்டையில் கம்ப்யூட்டர் வித்தையால் ஃபோர்டின் முகத்தை இளமையாக்கியிருக்கிறார்கள். முகம் நாற்பது வயதுக்காரருடையது, குரல் எண்பது வயதுக்காரருடையது. ஒட்டவில்லை. மொராக்கோவில் மூன்று சக்கர வண்டிகளில் துரத்துகிற காட்சி மட்டும் பிரமாதம், ஆட்டோவில் வளர்ந்த நமக்கு அதை ரசிக்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகன் செல்போனை எடுத்ததற்கு வருத்தப்படாதீர்கள். அவனுக்கு அந்தக் கிழவர் யார்? நாம் நாற்பது வருடமாகப் பழகியவர், அவனுக்கு அன்றைக்குத்தான் அறிமுகம். முதல் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். 115 நிமிடம்தான்.

எந்த வரிசையில் காட்டுவது? மகனுக்கு ஒன்பது, மகளுக்கு ஆறு.
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பையனுக்கு முதலில் முதல் படம், அப்புறம் நேராக மூன்றாவது. கதைப்படி பார்த்தால் இரண்டாவது படம் 1935-ல் நடப்பது, முதல் படம் 1936, ஆனால் அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். முதல் படத்தின் கடைசிப் பகுதியில், எல்லோரும் தேடி அலைகிற பேழையைத் திறந்ததும் முகங்கள் உருகும், அப்போது பக்கத்தில் இருங்கள். மூன்றாவதில் ஷான் கானரி அப்பாவாக வருகிறார், நிஜத்தில் ஃபோர்டை விடப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவர், ஆனால் அப்பாவும் பிள்ளையும் முறைத்துக்கொள்வதைப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட சந்தேகம் வராது. பெண் குழந்தைக்கு ஆறு வயது என்றால் இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

இரண்டாவது படத்தை எட்டு வயதில் பார்த்தபோது தலைகால் புரியாத சந்தோஷம். இந்தியாவில் நடக்கிற கதை, இண்டி நம் ஊருக்கு வந்துவிட்டார் என்று. இப்போது என் பெண்ணோடு பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. விருந்துக் காட்சியில் அவள் திரும்பி, அம்மா நம்ம தாத்தா காலத்துல இதெல்லாம் சாப்பிட்டாங்களா என்று கேட்டுவிட்டாள். இந்தப் படத்தை என்ன செய்வது?
– ஒரு வாசகி, அடையாறு

உங்கள் கூச்சம் நியாயமானது. எனக்கும் இந்தப் படத்தின் மேல் கோபம் உண்டு, அது இப்போது வந்த கோபம்தான், சின்ன வயதில் எனக்கும் கை தட்டத்தான் தெரிந்தது.

அந்த விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புக்குள்ளிருந்து குட்டிப் பாம்புகள், வண்டு, கண்முழி மிதக்கும் சூப், குரங்கு மூளை. இந்தியாவில் எந்த அரண்மனையிலும் அப்படி ஓர் இலை போட்டதில்லை, உங்கள் பெண்ணிடம் தைரியமாகச் சொல்லுங்கள். காளியை நரபலி கேட்கும் பேயாகக் காட்டியிருப்பதும், கடைசியில் வெள்ளைக்கார அதிகாரி படையோடு வந்து காப்பாற்றுவதும் அதை விட மோசம். படத்தில் வில்லன்களாக வருகிற தக்கர் என்னும் கொள்ளைக் கூட்டத்தை ஸ்லீமன் என்கிற ஆங்கிலேய அதிகாரி 1830களிலேயே ஒடுக்கிவிட்டதாகச் சரித்திரம் சொல்கிறது, கதை நடப்பதோ 1935-ல். திரைக்கதையைப் படித்துவிட்டு இந்திய அரசு இங்கே படப்பிடிப்பு நடத்த அனுமதி தரவில்லை. அதனால் இலங்கையில் கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள், உள்காட்சிகளை லண்டன் பக்கத்து எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுத்தார்கள். அந்த இந்திய கிராமத்து மக்கள் பேசுவது சிங்களம். சின்ன வயதில் எனக்கு இந்தியும் புரியாது, அதனால் அது இந்தி என்றே நம்பிவிட்டேன்.

ஆனால் தூக்கிப் போட்டுவிடவும் என்னால் முடியவில்லை, அதற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் அம்ரிஷ் பூரி. 'தளபதி'யில் கலிவர்தனாக வருவாரே, அவரேதான் இதில் பூசாரி மோலா ராம். இந்தப் படத்துக்காகத்தான் தலையை மொட்டையடித்தார். அவ்வளவு அபத்தமான பாத்திரத்தையும் பார்க்கிறவர்கள் முதுகு சில்லிடும்படி செய்திருக்கிறார், அது அவருடைய திறமை, எழுதியவர்களுடையது இல்லை.

இன்னொருவர் அந்தப் பொடியன். இண்டியின் கூடவே தொப்பி போட்டுக்கொண்டு ஓடுவானே, ஷார்ட் ரவுண்ட். நடித்தவர் கீ ஹுய் க்வான். வியட்நாமிலிருந்து குடும்பத்தோடு அகதியாக வெளியேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்த குழந்தை. இந்தப் படத்துக்கும் அடுத்து ஒன்றிரண்டு படத்துக்கும் பிறகு வாய்ப்பே இல்லாமல் போய், நடிப்பை விட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் வேலை பார்த்தார். 2023 மார்ச்சில் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை வாங்கினார். அதே இரவில் சிறந்த படத்துக்கான விருதை அறிவிக்க மேடைக்கு வந்தவர் ஹாரிசன் ஃபோர்ட். க்வானின் படத்துக்கே அது கிடைத்தது, மேடையில் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தாவது படம் வருவதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தது இது. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் கட்டிப்பிடிதான் இந்தத் தொடரின் நிஜமான கடைசிக் காட்சி. அதை யூடியூபில் எடுத்து உங்கள் பெண்ணுக்குக் காட்டுங்கள், படத்தை அவள் கொஞ்சம் பெரியவளான பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து, எது பொய் என்று சொல்லிச் சொல்லிக் காட்டுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவிலேயே இந்தப் படத்தின் கொடூரத்தைப் பார்த்துப் பெற்றோர் கொதித்துப் போய், அதன் பிறகுதான் 1984 ஜூலையில் பதிமூன்று வயதைக் குறிக்கும் புதிய தணிக்கைப் பிரிவே அங்கே வந்தது. நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுக்கும் காட்சியை நாம் எட்டு வயதில் பார்த்துத் தொலைத்திருக்கிறோம்.

நாலாவது படத்தில் அணுகுண்டு வெடிக்கும்போது ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்து தப்பிக்கிறார். இதை எப்படி சார் மன்னிப்பது?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

ஃப்ரிட்ஜை மன்னித்துவிடலாம். இரண்டாவது படத்தில் விமானத்திலிருந்து ரப்பர் படகில் குதித்துப் பனிமலையில் சறுக்கி வந்தபோது நாம் கேள்வி கேட்கவில்லையே. கேட்காததற்குக் காரணம் நமக்கு அப்போது எட்டு வயது என்பது மட்டும்தான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. பழைய படங்களில் அவர் அடிபட்டால் நமக்கு வலித்தது. லாரிக்கு அடியில் இழுபட்டுப் போகும்போது சட்டை கிழிந்து தோல் உரிந்தது. நாலாவதில் காடும் எறும்பும் குரங்கும் கம்ப்யூட்டரில் பிறந்தவை, மண் ஒட்டவே இல்லை. என் குறை அதுதான். வசூலில் நாலாவதுதான் பெரிய வெற்றி, உலகம் முழுக்க 75 கோடி டாலருக்கு மேல். ஐந்தாவது அதில் பாதியளவுதான் தொட்டது, போட்ட பணமே தேறவில்லை. எனக்கு என்னவோ தோற்ற படத்தின் பக்கம்தான் மனசு நிற்கிறது.

ஐந்தாவது படத்தில் காலத்தில் பின்னால் போக வைக்கிறதே, அந்த டயல் நிஜமா?
– ஒரு வாசகர், கொளத்தூர்

நிஜம்தான், ஆனால் அது காலத்தில் பின்னால் கூட்டிப் போகாது. 1901-ல் கிரேக்கத் தீவான ஆன்டிகித்தேராவுக்குப் பக்கத்தில், கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு பழைய கப்பலிலிருந்து எடுத்தது. கண்டுபிடித்தது ஸ்பாஞ்ச் எடுக்க மூழ்குகிறவர்கள். கூட இருந்த சிலைகளின் அழகுக்கு முன்னால், துருவேறிய அந்த வெண்கலக் கட்டியை யாரும் சட்டை பண்ணவில்லை. அப்புறம் பார்த்தால் உள்ளே பல்சக்கரம்! இன்றைக்கு 82 துண்டுகளாக ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிச்சமிருக்கும் பல்சக்கரங்கள் 30. கைப்பிடியைச் சுழற்றினால் சூரியனும் சந்திரனும் எந்த நாளில் எங்கே நிற்கும், கிரகணம் எப்போது வரும் என்றெல்லாம் காட்டியிருக்கிறது. நம் பாஷையில் சொன்னால் வெண்கலத்தில் செய்த பஞ்சாங்கம். 223 சந்திர மாதம், அதாவது சுமார் 18 வருடம் 11 நாளுக்கு ஒரு தடவை கிரகணங்கள் அதே ஒழுங்கில் திரும்பி வரும், அந்தச் சுழற்சிக்கே அதன் முதுகுப் பக்கத்தில் தனியாக ஒரு முகப்பு உண்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால்!

ஆர்க்கிமிடீஸ்தான் செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் வானத்தின் ஓட்டத்தைக் காட்டும் ஒரு கருவியை அவர் செய்தார் என்றும், சிராக்கூஸைப் பிடித்த ரோமானியத் தளபதி மார்செல்லஸ் அதை ரோமுக்குக் கொண்டு போனார் என்றும் ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு நூல் போதாதா? ஆர்க்கிமிடீஸ் அந்த நகரம் விழுந்தபோது, கி.மு. 212-ல், ஒரு ரோமானியச் சிப்பாய் கையால் செத்தார். படத்தில் அந்தச் சாவைக் காட்டவில்லை, ஆனால் அது தெரிந்து பார்த்தால் ஜோன்ஸ் அவரைப் பார்க்கும் பார்வைக்கு இன்னொரு கனம் வருகிறது.

ஜோன்ஸ் செய்வது தொல்லியலா திருட்டா? கோயிலில் இருப்பதை எடுத்து மியூசியத்தில் வைக்கிறேன் என்கிறாரே.
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

முதல் படம் தொடங்குவதே பெரு நாட்டுக் காட்டில் ஒரு பழங்குடிக் கோயிலிலிருந்து பொன்சிலையைத் தூக்குவதில்தான். கல் உருள்வதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தச் சிலை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. துரத்தி வந்த மக்கள்தான் உரிமையாளர்கள். இது எனக்கு உறைத்தது ஸ்ரீபுரந்தான் நடராஜர் செய்தியைப் படித்தபோது. அரியலூர் மாவட்டத்துச் சோழர் கோயில் நடராஜர். திருடு போய், கைமாறி, 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கிக் கான்பெராவில் கண்ணாடிக்குள் வைத்தது. 2014 செப்டம்பரில்தான் திரும்பக் கிடைத்தார். பத்தூர் நடராஜர் கதையும் இப்படித்தான், லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தி 1991-ல் மீட்டோம். மியூசியத்தில் இருக்கவேண்டிய பொருள் அது என்று ஜோன்ஸ் கத்தும்போது அவர் பேசுவது பணக்காரக் கொள்ளையர்களை எதிர்த்து, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விளக்கேற்றி, பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிற சாமி மியூசியத்துக்கு உரியது இல்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தே ஆகவேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அப்பாவோடு ஐந்து படமும் பார்த்துவிட்டேன். தொல்லியல் படிக்க ஆசை. ஆனால் இங்கே புதையல் எதுவும் இல்லையே?
– ஒரு மாணவன், பல்லாவரம்

தம்பி, நீ இருக்கிற ஊர் எது என்று தெரிந்துதான் கேட்கிறாயா? 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற புவியியல் ஆய்வாளர் உன் பல்லாவரத்தில், ராணுவ மைதானத்துப் பக்கம் சரளைக் குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். கைக்கோடரி. ஆதிமனிதன் செதுக்கியது. இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் கிளம்பியது. அதே வருடம் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கற்கருவிகளைக் கண்டார்கள். அங்கே பின்னாளில் நடந்த அகழாய்வில் கிடைத்த கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் வருடம் என்று 2011-ல் வெளியிட்டார்கள். பதினைந்து லட்சம்! ஜோன்ஸ் தேடிய எந்தப் பேழைக்கும் அந்த வயது இல்லை.

ஒரு சனிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போ. ஃபூட் சேர்த்த கற்கள் அங்கேதான் வந்து சேர்ந்தன. ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ தோண்டி எடுத்தவை இருக்கின்றன. வெண்கலக் கூடத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கு. அப்பாவிடம் சொல்லிப் பள்ளி லீவில் கீழடி போய் வா, 2023-ல் திறந்த அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது. பிளஸ் டூவில் வரலாறு இருக்கிற பாடப்பிரிவை எடுத்தால் சௌகரியம். டிகிரி முடித்தபின் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே பண்டைய வரலாறும் தொல்லியலும் படிக்கத் துறை இருக்கிறது. வேலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்: வெயில், சின்னக் கரண்டி, பிரஷ், ஒரு குழியில் ஒவ்வொரு சென்டிமீட்டராக இறங்குவது, ஒவ்வொரு பானை ஓட்டுக்கும் நம்பர் போட்டு எழுதி வைப்பது. சாட்டை தேவைப்படாது. பாம்பு மட்டும் நிஜமாகவே வரும்.

அப்பாவுக்கு 80 வயது. என்னை முதல் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். இப்போது முழங்கால் வலி, வெளியே வருவதே இல்லை. கடைசிப் படத்தை அவருக்குக் காட்ட ஆசை, ஆனால் கிழவனைப் பார்த்து மனசு உடைந்துவிடுவாரோ என்று பயம்.
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

உடைய மாட்டார். எண்பது வயதுக்காரருக்கு எண்பது வயதுக்காரரைப் பார்த்து என்ன அதிர்ச்சி? அதிர்ச்சி எல்லாம் நமக்குத்தான்.

2023-ல் என் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஐ.சி.எஃப். மாமா, மணிக்கட்டில் நகம் பட்டவர். அப்போது அவருக்கு 78. தமிழ் டப்பிங்கில் ஓடியது, அதைத்தான் தேர்ந்தெடுத்தேன், 38 வருடம் கழித்தாவது வசனம் அவருக்குப் புரியட்டும் என்று. உங்கள் அப்பாவுக்கும் தமிழிலேயே போடுங்கள், சப்டைட்டில் படிக்கிற பாடு வேண்டாம். வீட்டில் என்றால் ஒரே மூச்சில் வேண்டாம், ரயில் சண்டை முடிந்ததும் ஒரு காபி, மொராக்கோ முடிந்ததும் ஒரு இடைவேளை. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், ஆரம்பக் காட்சியில் வெடிச்சத்தம் அதிகம். பழைய நண்பன் சல்லாவாக ஜான் ரைஸ்-டேவிஸ் வந்து, பாலைவனத்தையும் கடலையும் நினைத்து ஏங்குகிறேன் என்கிற மாதிரி பேசும் இடத்தில் அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள், அவர் பாட்டுக்குப் பார்க்கட்டும்.

முடிந்ததும் எப்படி இருந்தது என்று உடனே கேட்கவும் வேண்டாம். நான் கேட்டேன், மாமா நல்லாயிருக்கு என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார், வண்டியில் வரும்போதும் பேசவில்லை. எனக்கு அவரைக் கூட்டிப் போனது தப்போ என்று ஆகிவிட்டது. மூன்று நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு போன் பண்ணினார். வேறு எதையும் கேட்கவில்லை. "ஏம்ப்பா, அந்தக் கடிகாரத்தை அவன் ஏன் தெருவுல போறவன்கிட்ட குடுத்துட்டான்? ரிட்டயர் ஆனப்ப எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க, இன்னும் கூடத்துல ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்றார். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம்.